பக்ஸ்டன் ஆபரா விழா: முதல் முறை போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தில் இருக்கும் நண்பர்கள் யாராவது "ஒரு தடவையாவது ஆபரா பார்க்கணும், எங்கே தொடங்குறது?" என்று கேட்டால் நான் சொல்லும் ஊர் பக்ஸ்டன். ஆபரா என்றால் இசைக்குழுவோடு பாட்டாகவே பாடி நடிக்கும் மேலைநாட்டு நாடகம். டெர்பிஷயரில், பீக் டிஸ்ட்ரிக்ட் மலைகளின் ஓரமாக, கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கும் சின்னச் சந்தை ஊர். ஊரின் முக்கியமான இடங்களை எல்லாம் நடந்தே பார்த்துவிடலாம். ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் இரண்டு வாரத்துக்கும் மேலாக அங்கே ஆபரா, கச்சேரி, புத்தகப் பேச்சு, நாடகம் என்று விழா நடக்கிறது.

பக்ஸ்டனைச் சொல்லக் காரணம் அரங்கின் அளவு. ஆபராப் பாடகர்கள் மைக் இல்லாமல்தான் பாடுவார்கள். லண்டனில் ஆபரா நடக்கும் கொலிசியம் அரங்கில் 2,300 பேருக்கு மேல் உட்காரலாம்; பக்ஸ்டன் ஆபரா ஹவுஸில் ஏறத்தாழ 900 பேர். இரண்டையும் கட்டியவர் ஒரே கட்டடக் கலைஞர், ஃபிராங்க் மேட்சம். பக்ஸ்டன் 1903-இல் திறந்தது, கொலிசியம் அடுத்த ஆண்டு. பெரிய அரங்கில் குரல் நம்மை வந்து சேர்கிறது. பக்ஸ்டனிலோ பாடகர் மூச்சை இழுப்பதே காதில் விழுகிறது. மைக் வராத காலத்தில் கிட்டப்பா பாடினால் கடைசி வரிசை வரை கணீரென்று கேட்கும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்குக் கொஞ்சமாவது புரிந்தது இந்த அரங்கில்தான்.

என் முதல் பயணம் பாதியில் முடிந்துபோனது. மான்செஸ்டரிலிருந்து மத்தியானம் கிளம்பி இரவே திரும்பிவிடலாம் என்று போனேன். கதையைப் படித்துக்கொண்டு போகவில்லை. கடைசி அங்கத்தில் ரயிலுக்கு நேரமாகிவிட, இருட்டில் தடவித் தடவி வெளியே வந்தேன். வாசலில் இரும்பும் கண்ணாடியுமாக ஒரு பந்தல் இருக்கிறது. அதன் கீழே நின்று கோட்டுப் பொத்தானைப் போடும்போது உள்ளே கதாநாயகி பாடுவது மெல்லக் கேட்டது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, எதற்காக வந்தேனோ அதை விட்டுவிட்டுப் போகிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. இந்த வழிகாட்டியில் இருப்பதில் பாதி அந்த இரவில் கற்றது.

விழாவைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்

ஆபரா ஹவுஸ் இடையில் பல பத்தாண்டுகள் சினிமாக் கொட்டகையாக இருந்தது. பிறகு பழுதடைந்து, புதுப்பிக்கப்பட்டு, 1979-இல் மறுபடியும் திறந்தார்கள். அந்த ஆண்டே விழாவும் தொடங்கியது. முதலில் மேடையேறியது இத்தாலிய இசையமைப்பாளர் டோனிசெட்டியின் 'லூச்சியா டி லாமெர்மூர்'.

இந்த விழாவுக்கென்று ஒரு குணம் உண்டு. மற்ற இடங்களில் அதிகம் மேடையேறாத ஆபராக்களைத் தேடி எடுத்துப் போடுவார்கள். இன்னோர் இத்தாலிய இசையமைப்பாளரான வெர்டியை எடுத்துக்கொண்டால், எல்லோருக்கும் தெரிந்த நான்கைந்தை விட்டுவிட்டு 2015-இல் 'ஜோவான்னா தார்க்கோ', 2018-இல் 'அல்சீரா' என்று போட்டார்கள். 2017-இல் 'மாக்பெத்' போட்டபோதும் வெர்டி 1865-இல் பாரிஸுக்காகத் திருத்திய வடிவத்தை எடுக்காமல், 1847-இல் ஃபிளாரன்ஸில் அரங்கேறிய முதல் வடிவத்தையே எடுத்தார்கள். புதிதாகப் போகிறவர்களுக்கு இது சாதகம் என்பேன். அடிக்கடி பார்க்கக் கிடைக்காத படைப்பு என்பதால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பழுத்த ரசிகருக்கும் அது முதல் தடவையாக இருக்கக்கூடும்.

ஒரே ஆபராவைத் தினமும் போட மாட்டார்கள், மாற்றி மாற்றி வரும். அதனால் இரண்டு மூன்று நாள் தங்கினால் இரண்டு மூன்று ஆபரா பார்த்துவிடலாம். பகலில் தேவாலயத்தில் சின்னக் கச்சேரிகளும், எழுத்தாளர்களின் பேச்சுகளும் நடக்கும். இதோடு கூடவே 1980 முதல் 'ஃபிரிஞ்ச்' என்று இன்னொரு விழாவும் நடந்து வருகிறது. அதற்குத் தேர்வுக் குழு கிடையாது. யார் வேண்டுமானாலும் பதிவு செய்து நிகழ்ச்சி நடத்தலாம். நாடகம், நகைச்சுவை, ஓவியக் கண்காட்சி என எல்லாம் இருக்கும், டிக்கெட் விலையும் குறைவு.

ஒரு எச்சரிக்கை. கோடையில் கில்பர்ட்-சல்லிவன் விழா என்று வேறு ஒன்றும் இதே ஊரில், இதே அரங்கில் நடப்பதுண்டு. அது இலேசான நகைச்சுவை ஆபராக்களுக்கானது. டிக்கெட் வாங்கும்போது எந்த விழா என்று பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த ஆபரா?

நிகழ்ச்சி நிரல் மாதக்கணக்கில் முன்பே வந்துவிடும். மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். எவ்வளவு நேரம்? என்ன மொழி? பாட்டு எப்படிப்பட்டது?

முதல் தடவைக்கு இடைவேளையோடு சேர்த்து மூன்று மணி நேரத்துக்குள் முடிவது நல்லது. மொழியைப் பற்றிக் கவலை வேண்டாம். இத்தாலியனில் பாடினால் மேடைக்கு மேலே ஆங்கில வரிகள் ஓடும். ஆங்கிலத்தில் பாடினாலும் வரிகள் இல்லாமல் எல்லாச் சொல்லும் பிடிபடாது என்பதைப் போனால்தான் தெரியும். பாட்டைப் பொறுத்தவரை, பத்தொன்பதாம் நூற்றாண்டு இத்தாலிய ஆபரா கிடைத்தால் அதை எடுங்கள். டோனிசெட்டி, பெல்லினி, ரொசினி, ஆரம்பகால வெர்டி இவர்களெல்லாம் மெட்டை நம்பியவர்கள். சங்கீதம் கேட்டுப் பழகிய காதுக்குச் சட்டென்று ஒட்டும். ஹேண்டெலும் நல்லதுதான். ஆனால் அவர் ஒரே வரியைத் திருப்பித் திருப்பிப் பாட வைப்பார். நிரவலை ரசிக்கத் தெரிந்தவர்களுக்கு அதில் பெரிய சுகம் இருக்கிறது, மற்றவர்கள் இரண்டாவது ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

டிக்கெட்டும் இருக்கையும்

கீழ்த்தளம், அதற்கு மேலே முதல் மாடம், இரண்டாவது மாடம், உச்சியில் காலரி. விலையும் ஏறக்குறைய இந்த வரிசையில்தான் குறையும். எனக்குப் பிடித்தது முதல் மாடத்தின் பக்கவாட்டை விட, இரண்டாவது மாடத்தின் நடுப்பகுதி. சரிவு செங்குத்தாக இருந்தாலும் மேடை முழுசாகத் தெரியும், மேலே ஓடும் எழுத்துகளைப் படிக்கக் கழுத்தை நிமிர்த்த வேண்டாம், குரலும் நன்றாக எழும்பி வரும். உயரம் என்றால் தலை சுற்றுகிறவர்கள் கீழ்த்தளத்தையே எடுங்கள். மிகவும் மலிவான இருக்கைகளில் கம்பியோ ஓரமோ பார்வையை மறைக்கலாம். பதிவு செய்யும்போதே அதைக் குறிப்பிட்டிருப்பார்கள், படித்துவிட்டு வாங்குங்கள். மாணவர்களுக்கும் இளைஞர்களுக்கும் சலுகை உண்டா என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

சனிக்கிழமை இருக்கைகள் முதலில் தீரும். செவ்வாய், புதன் கிழமைகளில் டிக்கெட்டும் கிடைக்கும், தங்க அறையும் கிடைக்கும்.

வீட்டில் மூன்று மாலைகள்

இந்த வேலையை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். ஆபரா புரியவில்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலானோர் இதைச் செய்யாமல் போனவர்கள்தான். நானும் அப்படித்தான் போனேன்.

முதல் மாலை கதைக்கு. முடிவு உட்பட முழுக் கதையையும் படித்துவிடுங்கள். "முடிவு தெரிந்துவிட்டால் சுவை போய்விடாதா?" என்று கேட்கலாம். வள்ளி திருமணம் நாடகத்துக்குப் போகிறவர்களில் யாருக்கு முடிவு தெரியாது? வேலன், வேடன், விருத்தன் வருவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு வரும் வேலன் எப்படிப் பாடுகிறான் என்று பார்க்கத்தானே விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள்? ஆபராவுக்கும் அதே மனதோடு போங்கள். ஒரு தாளில் பாத்திரங்களின் பெயர், யாருக்கு யார் உறவு, என்ன குரல் என்று எழுதிக்கொள்ளுங்கள். பெண் குரலில் உயர்ந்தது சொப்ரானோ, அதற்குக் கீழே மெஸ்ஸோ. ஆண் குரலில் டெனர், பாரிடோன், பாஸ் என்று இறங்கும். இத்தாலிய ஆபராவில் சொப்ரானோவும் டெனரும் காதலிப்பார்கள், பாரிடோன் குறுக்கே நிற்பான். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே முதல் அங்கத்தைத் தாண்டிவிடலாம்.

இரண்டாவது மாலை காதுக்கு. நீங்கள் பார்க்கப் போகும் ஆபராவிலிருந்து இரண்டே இரண்டு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு தனிப்பாட்டு, பலர் சேர்ந்து பாடும் ஓர் இடம். முழுப் பதிவையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டியதில்லை. அந்த இரண்டையும் நாலைந்து தடவை, சமைக்கும்போது, நடக்கும்போது கேட்டாலே போதும். தனிப்பாட்டுக்கு ஏரியா என்று பெயர். அதற்கு முன்னால் பேச்சும் பாட்டுமாக வருவது ரெசிடேடிவ். கதை ரெசிடேடிவில் நகரும், ஏரியாவில் நின்றுவிடும். தாளக்கட்டு இல்லாமல் விருத்தம் பாடிவிட்டுக் கீர்த்தனைக்குள் நுழைகிற மாதிரி என்று வைத்துக்கொண்டால் ஓரளவு சரியாக வரும். பொருளைப் பார்த்தால் வேறுதான். காதுக்கு அந்த மாற்றம் பழகிய ஒன்று.

பயிற்சிக்கு விழாவின் முதல் ஆபராவான லூச்சியாவையே எடுத்துக் காட்டுகிறேன். 1835-இல் நேபிள்ஸில் அரங்கேறியது, கதை நடப்பது ஸ்காட்லாந்தில். லூச்சியா பகைவன் குடும்பத்து எட்கார்டோவைக் காதலிக்கிறாள். அண்ணன் என்ரிகோ பொய்க் கடிதம் ஒன்றைக் காட்டி, அவன் உன்னை மறந்துவிட்டான் என்று நம்ப வைத்து, வேறொருவனுக்குக் கட்டிவைக்கிறான். கையெழுத்துப் போட்டு முடித்த நேரத்தில் எட்கார்டோ உள்ளே நுழைகிறான். அப்போது ஆறு பேர் ஒரே நேரத்தில் ஆறு விதமான மனநிலையைப் பாடுவார்கள். முதல் தடவை கேட்கும்போது ஒரே இரைச்சலாக இருக்கலாம். இரண்டாவது தடவை பாரிடோனை மட்டும் பின்தொடருங்கள், அண்ணனின் குற்ற உணர்வு தனியாகத் தெரியும். மூன்றாவது தடவை சொப்ரானோ. இப்படி ஒவ்வொரு நூலாகப் பிரித்துக் கேட்டுவிட்டால், அரங்கில் ஆறும் சேர்ந்து எழும்போது உடம்பு சிலிர்க்கும்.

அப்புறம் முதலிரவில் லூச்சியா கணவனைக் குத்திக் கொன்றுவிட்டு, இரத்தக் கறை படிந்த உடையோடு விருந்தினர் நடுவே வந்து, புத்தி பேதலித்துப் பாடுகிறாள். இந்த இடத்தில் அவளோடு பேசுவதற்குக் கண்ணாடிக் கிண்ணங்களைத் தேய்த்து ஒலி எழுப்பும் கருவி ஒன்றைத்தான் டோனிசெட்டி நினைத்து எழுதினார். பிறகு அதைப் புல்லாங்குழலுக்கு மாற்றினார். குரலும் குழலும் ஒன்றை ஒன்று துரத்தும் அந்த இடத்தோடு ஆபரா முடிந்துவிட்டது என்று நினைத்துப் பலர் கோட்டைத் தேடுவார்கள். அதற்குப் பிறகும் கல்லறைகளுக்கு நடுவே டெனரின் காட்சி ஒன்று முழுசாக இருக்கிறது.

மூன்றாவது மாலை, எழுதி வைத்த தாளை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சும்மா இருங்கள்.

போவதும் தங்குவதும்

மான்செஸ்டர் பிக்காடில்லியிலிருந்து நேரடி ரயில் உண்டு. ஸ்டாக்போர்ட், வேலி பிரிட்ஜ் வழியாக ஏறக்குறைய ஒரு மணி நேரம். கடைசி அரை மணியில் ரயில் மலையேறும், ஜன்னல் பக்கம் உட்காருங்கள். லண்டனிலிருந்து வருகிறவர்கள் ஸ்டாக்போர்ட்டில் மாறிக்கொள்ளலாம். நிலையத்திலிருந்து ஆபரா ஹவுஸுக்கு நடந்தால் ஐந்து பத்து நிமிடம், இறக்கம்தான்.

ஓர் இரவாவது தங்குங்கள். இதில் மட்டும் பிடிவாதமாக இருக்கிறேன். கடைசி ரயிலை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரால் கடைசி அங்கத்தைக் கேட்க முடியாது. பக்ஸ்டனில் அறை கிடைக்காவிட்டால் அதே ரயில் பாதையில் உள்ள ஊர்களிலோ, கார் இருந்தால் பேக்வெல் பக்கத்திலோ தேடுங்கள். தங்காமல் திரும்பியே ஆக வேண்டும் என்றால், ஆபரா முடியும் நேரத்தையும் கடைசி ரயில் நேரத்தையும் டிக்கெட் வாங்குவதற்கு முன்பே ஒப்பிட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அட்டவணை வேறு.

உடுப்பு? நல்ல உடை போதும். சிலர் கோட் சூட்டில் வருவார்கள், சிலர் சாதாரணச் சட்டையில் வருவார்கள். பட்டுப் புடவை கட்டி வந்த ஒரு அம்மாவை ஒரு வருஷம் பார்த்தேன், அந்தச் சிவப்பும் தங்கமுமான அரங்குக்கு அவ்வளவு பொருத்தமாக இருந்தது. ஆனால் மேலே போட ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள். 1975 ஜூன் 2-ஆம் தேதி இந்த ஊரில் டெர்பிஷயர், லங்காஷயர் அணிகளின் கிரிக்கெட் ஆட்டம் பனி பெய்து நின்றுபோனது. ஜூலையில் பனி வராது, ஆனால் மழையும் சாயங்காலக் குளிர்காற்றும் வரும்.

பகலில் ஊர்

காலையில் ஒரு கச்சேரியோ பேச்சோ, மாலையில் ஆபரா. நடுவில் இரண்டு மணி நேரம் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். நாள் முழுக்க நிகழ்ச்சிகளை அடுக்கினால் இரவு இரண்டாம் அங்கத்தில் கண் செருகும்.

ஆபரா ஹவுஸை ஒட்டியே பெவிலியன் கார்டன்ஸ் பூங்கா. எதிர்ப்பக்கம் நடந்தால் பிறை வடிவில் வளைந்த பெரிய கட்டடம், கிரெசன்ட். ஐந்தாம் டெவன்ஷயர் பிரபு 1780-களில் கட்டியது, நீண்ட காலம் மூடிக்கிடந்து 2020-இல் ஓட்டலாகத் திறந்தது. அதற்கு எதிரே செயின்ட் ஆன்ஸ் வெல் என்னும் ஊற்று. ஆண்டு முழுவதும் சுமார் 27 டிகிரியில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். ஊர்க்காரர்கள் கேன் கேனாகப் பிடித்துக்கொண்டு போவார்கள், காசு கிடையாது. கையில் பட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். ரோமானியர் காலத்திலிருந்தே இந்த நீருக்காகத்தான் ஆட்கள் இங்கே வந்தார்கள். சிறையிருந்த ஸ்காட்லாந்து அரசி மேரியும் உடல்வலிக்காக இங்கே அழைத்துவரப்பட்டார்.

சற்று மேலே டெவன்ஷயர் டோம். கிரெசன்ட்டுக்கு வருகிறவர்களின் குதிரைகளைக் கட்டும் லாயமாக இருந்த இடம். மருத்துவமனையாக மாற்றியபோது 1881 வாக்கில் கூரை போட்டார்கள். குறுக்களவு 44 மீட்டர், ரோமின் புனித பேதுரு தேவாலயக் குவிமாடத்தை விட அகலம். பின்னாளில் பல்கலைக்கழக வளாகமாக மாறியது.

ஜூலையில் இன்னொன்றும் காணக் கிடைக்கும்: ஊற்றுகளுக்குப் பூ அலங்காரம். டெர்பிஷயரின் பழைய வழக்கம் இது. மரப்பலகையில் ஈரக் களிமண்ணைப் பூசி, அதில் பூவிதழ், இலை, பாசி, விதை இவற்றை ஒவ்வொன்றாக அழுத்திப் படம் செய்வார்கள். கிட்டே போய்ப் பாருங்கள். கீழிருந்து மேலாக, ஓடு வேய்ந்த மாதிரி மேலே உள்ள இதழின் நுனி கீழே உள்ளதன் மேல் படிந்திருக்கும். மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்து போவதற்காக அப்படி. சில நாளில் வாடிப்போகும் என்று தெரிந்தே அத்தனை பொறுமையாகச் செய்கிறார்கள்.

மாலை

அரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள். நேரம் கழித்து வந்தால் இடைவேளை வரை உள்ளே விடாமல் போகலாம். இடைவேளைக்கான பானத்தை முன்கூட்டியே சொல்லி வைத்தால் வரிசையில் நிற்க வேண்டாம். சாப்பாட்டை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள், ஆபரா முடிந்த பிறகு சின்ன ஊரில் சமையலறைகள் மூடிவிடும்.

உள்ளே உட்கார்ந்ததும் மேலே பாருங்கள். ஓவியம் தீட்டிய கூரை, பொன் பூசிய சுதைச் சிற்பங்கள். போனை அமைதியாக்குவதோடு நிற்காமல் அணைத்தே விடுங்கள், இருட்டில் ஒரு திரை வெளிச்சம் ஐம்பது பேரைத் தொந்தரவு செய்யும்.

இசைக்குழு சுருதி சேர்ப்பதை உன்னிப்பாகக் கேளுங்கள். ஓபோ என்னும் ஊதுகருவி ஒரு சுரத்தைப் பிடிக்கும், மற்றவர்கள் அதோடு சேர்வார்கள். விளக்கு அணையும். நடத்துநர் வந்ததும் கைதட்டல், பிறகு முன்னிசை. பாட்டு தொடங்கியதும் முதல் பத்து நிமிடம் எழுத்தைப் படிப்பதா, மேடையைப் பார்ப்பதா என்று கண் தடுமாறும். வரி மாறும்போது ஒரு தடவை மட்டும் மேலே பார்த்துவிட்டு உடனே முகத்துக்குத் திரும்பிவிடுங்கள். ஒரே வரியைப் பல தடவை பாடுவதால் எதுவும் தவறிப்போகாது. கதையைத்தான் வீட்டிலேயே படித்துவிட்டீர்களே.

ஏரியா முடிந்தால் கைதட்டலாம். சந்தேகமாக இருந்தால் மற்றவர்கள் தொடங்கட்டும். உற்சாகம் தாங்காமல் குரல் கொடுக்க விரும்பினால் ஆணுக்கு 'பிராவோ', பெண்ணுக்கு 'பிராவா', எல்லோருக்கும் சேர்த்து 'பிராவி'.

நீங்கள் வீட்டில் பழகிக் கேட்ட அந்த இரண்டு இடங்களும் வரும்போது எழுத்துப் பலகையைப் பார்க்காதீர்கள். பாடுபவரின் விலா எலும்புகளைப் பாருங்கள். நீண்ட வரிக்கு முன்னால் அவை விரியும், தோள் அசையாது. உச்ச சுரம் உரக்க வரும் என்று எதிர்பார்ப்போம். நல்ல பாடகி அதை மெல்லத் தொட்டு, ஊதி வளர்த்து, மறுபடியும் நூலாக இழைத்து விடுவார். அந்த நேரத்தில் 900 பேரும் இருமாமல் இருப்பதைக் கவனியுங்கள்.

மறுநாள் காலை

அவசரமாகக் கிளம்ப வேண்டாம். ஃபிரிஞ்ச் நிரலை எடுத்து, பெயரே கேள்விப்படாத ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். இருபது நாற்காலி போட்ட ஓர் அறையில் இருவர் நாடகம் நடத்தலாம், பூங்காவில் பித்தளை வாத்தியக் குழு வாசித்துக்கொண்டிருக்கலாம். கால் வலுவிருந்தால் நகரத்தின் தெற்கே காட்டு வழியாக ஏறி சாலமன்ஸ் டெம்பிள் கோபுரம் வரை போகலாம், ஊர் முழுவதும் கீழே தெரியும். வழியில் பூல்ஸ் கேவர்ன் குகை, உள்ளே கோடையிலும் 7 டிகிரி அளவுக்குத்தான் இருக்கும்.

காலி பாட்டில் ஒன்றைப் பையில் வைத்திருங்கள். கிளம்பும் முன் செயின்ட் ஆன்ஸ் வெல்லில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நிலையத்துக்கு ஏறுங்கள். போகும்போது இறக்கமாக இருந்தது இப்போது ஏற்றம், பத்து நிமிடம் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.